விட்டுப்போன ஊசியைப் போடுறோம், விட்டுப்போன பாடத்தை ஏன் போடுறதில்ல?

கொஞ்சம் நீளமான த்ரெட். பஸ்ல, லோக்கல் டிரெயின்ல போறவங்க பொறுமையா படிங்க.

2025 ஜூன், பள்ளி திறந்த புதுசு. ஓ.பி. கூட்டம் வடியற நேரத்துல ஒரு அம்மா பதினோரு வயசுப் பையனை இடுப்புல தூக்கிட்டு உள்ள வந்தாங்க. வீடு டோல்கேட் பக்கம். (மெட்ரோ ஸ்டேஷன் போர்டுல சுங்கச்சாவடின்னு போட்டிருக்கும். அந்தப் பேரைச் சொல்லி ஆட்டோ கூப்பிட்டுப் பாருங்க, ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.) கன்டெய்னர் லாரிக்கு நடுவுல அந்தப் பையனைத் தூக்கிக்கிட்டே ரோட்டை கிராஸ் பண்ணி வந்திருக்காங்க. மூணு நாளா சளி, காய்ச்சல்.

பையனுக்கு மூளை முடக்குவாதம். நெஞ்சு சுத்தமா இருந்துச்சு. மாத்திரை எழுதிக் குடுத்தேன். அதைப் பைக்குள்ள வைக்கறப்ப ரெண்டு நோட்டு கீழ விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். அவங்க வாங்கிக்கல.

"பாருங்க டாக்டர். ஸ்கூல்ல காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

முதல் நோட்டு ஒண்ணாம் வகுப்பு நோட்டு. கோணல் மாணலா, பக்கத்துக்கு நாலு எழுத்து. அ, ஆ, இ. கடைசியா எழுதின பக்கத்துல "அம்மா"ன்னு ஒரு வார்த்தை, புள்ளி மட்டும் வேற ஊர்ல போய் உட்கார்ந்திருக்கு. மேல தேதி 13.3.2020. அதுக்கப்புறம் நோட்டு முழுக்க வெள்ளை.

ரெண்டாவது நோட்டு போன வருஷத்து ஆறாம் வகுப்பு நோட்டு. முத்து முத்தான கையெழுத்து. நான் ஆச்சரியமா பார்த்தேன்.

"அது பக்கத்து பெஞ்சு பொண்ணு எழுதிக் குடுத்தது டாக்டர். இவனுக்கு இப்ப அ கூட வரல. ஆறு வயசுல எழுதின புள்ள பதினோரு வயசுல எழுத மாட்டேங்கறான். போனதை யாரு டாக்டர் திருப்பிக் குடுப்பாங்க?"

நான் படிச்சது எம்.பி.பி.எஸ். சிறப்புக் கல்வி நிபுணர் இல்ல, வக்கீலும் இல்ல. அன்னிக்கு என்கிட்ட இருந்த பதில் பாராசிட்டமால் மட்டும்தான். அடுத்த மூணு மாசம் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். சட்டத்தைப் படிச்சேன், சிறப்புப் பயிற்றுநர்கள்கிட்ட பேசினேன், மனு எழுதினேன். அந்தக் கதைதான் இது. அந்த அம்மாவோட அனுமதியோட எழுதறேன், அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2020 மார்ச் நடுவுல பள்ளி மூடினாங்க. 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. கிட்டத்தட்ட 20 மாசம். எல்லாப் பசங்களுக்கும் இழப்புதான், மறுக்கல. ஆனா மத்த பசங்களுக்கு அரைகுறையாவது ஏதோ கிடைச்சுது. கல்வித் தொலைக்காட்சி, அப்பாவோட செல்போன், வாட்ஸப்புல டீச்சர் அனுப்பற படம், தெருமுனை டியூஷன்.

இந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடம்னா என்ன? வாரத்துல ரெண்டு நாள் ஸ்பெஷல் மிஸ் வருவாங்க. துணி சுத்தித் தடிமனாக்கின பென்சிலை அவன் கையில வச்சு, அந்தக் கைமேல தன் கையை வச்சு எழுத வைப்பாங்க. வாரத்துல ஒரு நாள் மையத்துல பிசியோதெரபி. மத்த நாள் முதுகு சாயாம உட்கார ஒரு மூலை நாற்காலி, கூட நாப்பது பசங்களோட சத்தம். இதுல எதை செல்போன் வழியா அனுப்புவீங்க?

இங்க கொஞ்சம் மருத்துவம் பேசணும். வாதத்தால இறுகின தசை, எலும்பு வளர்ற வேகத்துக்கு வளராது. பையன் உயரமாக ஆக, கெண்டைக்கால் தசை பத்தாம இழுக்கும், குதிகால் தரையைத் தொடாது. அதுக்குத்தான் தினம் நீட்டிவிடற பயிற்சி, கால்ல ஸ்பிளின்ட். ஸ்பிளின்ட் செருப்பு மாதிரி, வளர வளர மாத்தணும். இந்தப் பையனோட ஸ்பிளின்ட் 2019ல அளவெடுத்தது. 2020ல சின்னதாச்சு, 2021ல கடிச்சுது, அம்மா கழட்டி பரண்ல போட்டாங்க. 2021 நவம்பர்ல பள்ளி திறந்தப்ப அவனால முன்ன மாதிரி நாற்காலில நிமிர்ந்து உட்கார முடியல. உட்கார முடியாதவன் எப்படி எழுதுவான்? பாடம் போனது பாடத்தால மட்டும் இல்ல. கால்ல ஆரம்பிச்சு, இடுப்பு வழியா ஏறி, கை வரைக்கும் போயிருக்கு.

இதுல முக்கியமான ஒண்ணு. மூளை முடக்குவாதம் தானா முத்திக்கிட்டே போற நோய் கிடையாது. மூளையில ஏற்பட்ட பாதிப்பு ஒரு தடவை ஏற்பட்டதுதான், அது பெருகாது. அப்ப ஆறு வயசுல தெரிஞ்ச எழுத்து பதினோரு வயசுல காணாமப் போச்சுன்னா, நோய் மேல பழி போட்டுட்டுப் போக முடியாது. வலிப்பு அதிகமாச்சா, கண், காது பிரச்சினை புதுசா வந்துச்சான்னு பார்த்துட்டேன். இல்ல. பயிற்சி நின்னதுதான் காரணம்.

இன்னொரு பொண்ணு. ராயபுரம். பிறவியிலேயே காது கேட்காது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்பிளான்ட் வச்சாங்க, 2019 கடைசியில. வெளியில வச்சா பல லட்சம் ஆகற ஆபரேஷன், இங்க இலவசம். தமிழ்நாட்டுல இருக்கறதுக்குப் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா ஆபரேஷன் பாதி வேலைதான். அதுக்கப்புறம் மாசக்கணக்குல கேட்டல் பேச்சுப் பயிற்சி குடுத்தாத்தான் அந்தக் கருவி காதுக்குள்ள போடற சத்தம் மூளைக்கு வார்த்தையா மாறும். நாலு வயசுல இருக்கற மூளைக்கு அந்தச் சக்தி அதிகம், எட்டு வயசு மூளைக்குக் கம்மி. பயிற்சி சூடு பிடிக்கறப்ப ஊரடங்கு. திரும்ப வந்தப்ப எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தாங்க, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கற வழியும் போச்சு. காதுல லட்ச ரூபா கருவியோட அந்தப் பொண்ணு இன்னும் சைகையிலதான் தண்ணி கேக்குது.

கொரோனா மட்டும்னு நினைச்சுடாதீங்க. எங்க பக்கத்துக் கதையே தனி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளம், பள்ளிகள் ஒரு வாரம் மூடல். அந்த வெள்ளத்தோடவே எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் படலம். அந்த மாசக் கடைசியிலேயே பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிவு, ராத்திரியோட ராத்திரியா ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. 2024 அக்டோபர்ல திருவொற்றியூர்ல ஒரு பள்ளியில வாயு நெடி, பசங்க மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் பள்ளி நாள் போகும். போன நாளுக்குப் பதிலா சனிக்கிழமை பள்ளி வைப்பாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா நான் விசாரிச்ச அம்மாக்கள் சொல்றது இது. சனிக்கிழமை வகுப்புக்கு டீச்சர் வருவாங்க, ஸ்பெஷல் மிஸ் வர மாட்டாங்க, பிசியோ இருக்காது, கூட்டிட்டுப் போற வண்டி இருக்காது. பொதுப் பாடத்துக்கு ஈடு உண்டு. இவங்க பாடத்துக்கு இல்ல.

எங்க ஓ.பி.யில ஒரு வழக்கம் உண்டு. குழந்தையை எதுக்குக் கூட்டிட்டு வந்தாலும் தடுப்பூசி அட்டையைக் கேட்போம். ஏதாவது விட்டுப்போயிருந்தா அம்மாவைத் திட்டுவோம் (திட்டக் கூடாது, ஆனா திட்டுவோம்). திட்டிட்டு, "போனது போச்சு, அடுத்ததைப் பார்ப்போம்"னு அனுப்பிட மாட்டோம். விட்டுப்போன டோஸை எப்படிப் போடணும்னு தனி அட்டவணையே இருக்கு. தட்டம்மை ரூபெல்லா ஊசி 5 வயசு வரைக்கும் போடலாம், டி.பி.டி. 7 வயசு வரைக்கும் போடலாம். மூணு டோஸ் விட்டுப்போச்சுன்னு ஒரே நாள்ல மூணையும் குத்தறதும் இல்ல. எது போச்சு, இப்ப என்ன வயசு, எந்த இடைவெளியில எத்தனை குடுத்தா உடம்பு பிடிச்சுக்கும்னு பார்த்துத் திட்டம் போடுவோம். செவிலியர் வீடு தேடிப் போவாங்க. ஏன்? அந்த டோஸ் குழந்தைக்குச் சேர வேண்டிய பாக்கின்னு அரசாங்கம் ஏத்துக்கிட்டதால.

பாடத்துக்கும் இதே மாதிரி ஒரு விட்டுப்போன டோஸ் அட்டவணை வேணும். இந்த த்ரெட்டுல நான் கேக்கறது அவ்வளவுதான்.

பொதுப் பசங்களுக்கு இதைத் தமிழ்நாடு செஞ்சு காட்டியிருக்கு. 2021 அக்டோபர் 27ல விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வி தொடங்கினாங்க. 1 முதல் 8 வரை படிக்கற பசங்களுக்கு சாயங்காலம் 5 மணிலேர்ந்து 7 மணி வரைக்கும் தெருவுலயே வகுப்பு. தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபா. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு, 1 முதல் 3 வரைக்கும். ரெண்டுமே "பசங்க இழந்திருக்காங்க, திருப்பிக் குடுக்கறது எங்க பொறுப்பு"ன்னு அரசாங்கமே வெளிப்படையா ஒத்துக்கிட்டதுக்கு அடையாளம். என் கொள்கை எதுவா இருந்தாலும் இதைப் பாராட்டாம இருக்க முடியாது.

நம்ம பையனும் இல்லம் தேடிக் கல்விக்குப் போனான். ரெண்டு நாள். தன்னார்வலர் பக்கத்துத் தெரு காலேஜ் பொண்ணு, நல்ல பொண்ணு. "அக்கா, இவனை எப்படி உட்கார வைக்கறது, எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல, பயமா இருக்கு"ன்னு அழுதுச்சாம். அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?

சரி, மனு எழுதலாம்னு முடிவு பண்ணோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விட்டுப்போன சிறப்புப் பயிற்சி வகுப்பையும் பிசியோவையும் ஈடு பண்ணித் தரணும்னு கேட்டோம். எந்த அலுவலகம்னு சொல்லல. மூணு வாரத்துல பதில் வந்துச்சு. ஒரே வரி. மாணவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் முறையாக உள்ளது, இடைநிற்றல் இல்லை, ஆண்டுதோறும் தேர்ச்சி பெற்றுள்ளார்னு.

இந்தப் பதிலைப் படிச்சுட்டுத்தான் சட்டத்தைத் தேடிப் போனேன். அங்க ஒரு விசித்திரம் இருக்கு.

2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 4. ஆறு வயசுக்கு மேல ஆகியும் பள்ளியில சேராத குழந்தை, இல்ல சேர்ந்து பாதியில நின்ன குழந்தை, வயசுக்கேத்த வகுப்புல சேரலாம். மத்தவங்களுக்குச் சமமா வர்றதுக்குச் சிறப்புப் பயிற்சி பெற அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. "உரிமை"ன்னே போட்டிருக்கு, சலுகை கிடையாது. மத்திய விதிகள்ல அந்தப் பயிற்சிக்குக் கால அளவும் இருக்கு. குறைஞ்சது 3 மாசம், தேவைப்பட்டா 2 வருஷம் வரைக்கும். 14 வயசு தாண்டினாலும் தொடக்கக் கல்வியை முடிக்கற வரைக்கும் இலவசம்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. இந்தப் பையன் 2020ல பள்ளியை விட்டு நின்னு, பேரை அடிச்சுட்டு, 2022ல திரும்பச் சேர்ந்திருந்தா ரெண்டு வருஷம் சிறப்புப் பயிற்சி கேக்க சட்டப்படி வழி இருந்திருக்கும். அவங்க அம்மா பேரை அடிக்க விடாம, வருஷா வருஷம் யூனிஃபார்ம் வாங்கி, தூக்கிட்டுப் போய் உட்கார வச்சதால, காகிதத்துல அவன் எதையுமே இழக்கல. ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் தேர்ச்சி. அ தெரியாத ஏழாம் வகுப்பு.

2012ல இதே சட்டத்தைத் திருத்தி, கடுமையான குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கற வழியைச் சேர்த்தாங்க. தேவைதான். ஆனா வீட்டு வழிக் கல்வியில இருக்கற குழந்தைக்கு எத்தனை தடவை பயிற்றுநர் வரணும், எத்தனை தடவை வந்தாங்கங்கற கணக்கு அம்மா கையில இருக்கறதில்ல. வராத நாள் எங்கயும் பதிவாகறதில்ல. பதிவாகாத கடனை யார்கிட்ட போய்க் கேப்பீங்க?

அடுத்து 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல்லேர்ந்து நடைமுறையில இருக்கு. இதோட பிரிவு 16ஐ ஒவ்வொரு பெத்தவங்களும் படிக்கணும். குறைபாடு உள்ள ஒவ்வொரு மாணவரோட பங்கேற்பையும், அடைஞ்ச கல்வி நிலையையும், படிப்பை முடிக்கறதையும் பள்ளி கண்காணிக்கணும். ஒவ்வொருத்தருக்கும் தேவையான தனிப்பட்ட உதவி தரணும். போக்குவரத்து வசதி தரணும், அதிக உதவி தேவைப்படற குழந்தைன்னா துணைக்கு வர்றவங்களுக்கும் சேர்த்து. பிரிவு 31, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி.

"அடைஞ்ச கல்வி நிலை"ங்கற வார்த்தையைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. வருகைப் பதிவேட்டைக் காட்டி அதுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆனா ஒண்ணு. விட்டுப்போனதை ஈடுகட்டணும்னு இந்த ரெண்டு சட்டத்துலயும் நேரடியா ஒரு வரி கூட இல்ல. ஓட்டை அங்கதான்.

அமெரிக்காவுல இது எப்படின்னு பார்த்தேன். (வாட்ஸப் மாமாக்கள் மாதிரி அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. வக்கீல் வைக்க வசதி இருக்கறவங்களுக்குத்தான் அங்கயும் சீக்கிரம் நடக்குதுங்கற புகார் உண்டு.) அங்க 1975லேர்ந்து இதுக்குத் தனிச் சட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்துப்பூர்வமா தனிநபர் கல்வித் திட்டம். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எவ்வளவு நேரம், பிசியோ எவ்வளவு நேரம்னு அதுல இருக்கும். பள்ளி அதைக் குடுக்கலைன்னா ஈடுகட்டும் கல்வி கேக்கலாம். எவ்வளவு ஈடுங்கறதுல ஒரு பெரிய விவாதம் வந்துச்சு. 2005ல ரீட் வழக்குல வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, போன மணிக்கு மணி எண்ணித் தர்ற கணக்கு சரியில்ல, அந்தச் சேவை ஒழுங்கா கிடைச்சிருந்தா குழந்தை எங்க இருந்திருக்குமோ அங்க கொண்டுபோய்ச் சேர்க்கற அளவுக்குத் தரணும்னு. தடுப்பூசி கணக்கேதான், பார்த்தீங்களா?

கொரோனாவுக்கு அப்புறம் 2022 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் அந்த நாட்டுக் கல்வித் துறையோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. தொலைவழி வகுப்புக் காலத்துல சிறப்புச் சேவை கிடைக்காமப் போன மாணவர்களைக் கண்டுபிடிச்சு, யாருக்கு எவ்வளவு ஈடு தரணும்னு முடிவு பண்ணித் தரணும்னு.

இன்னொரு வழக்கு, படிச்சப்ப எனக்குத் தூக்கம் போச்சு. மிகேல் பெரெஸ், மிச்சிகன். காது கேளாதவர். 9 வயசுல அந்த ஊர்ப் பள்ளியில சேர்ந்தார். அவருக்கு உதவிக்குப் போட்ட ஆளுக்குச் சைகை மொழி தெரியாது. வருஷா வருஷம் நல்ல மதிப்பெண், தேர்ச்சி. படிப்பு முடியப் போற நேரத்துல, உங்க பையனுக்குப் பட்டயம் கிடைக்காதுன்னு வீட்ல சொன்னாங்க. வழக்குப் போட்டாங்க. சமரசத்துல, காது கேளாதோர் பள்ளியில கூடுதலா படிக்க வைக்க நிர்வாகம் ஒத்துக்கிச்சு. அது போதாது, நஷ்ட ஈடும் கேக்கலாம்னு 2023 மார்ச்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதா சொல்லிடுச்சு. மிச்சிகனுக்கும் டோல்கேட்டுக்கும் கடல் தாண்டி எவ்வளவோ தூரம். மதிப்பெண் சீட்டு மட்டும் ஒரே மாதிரி இருக்கு.

சரி, எதிர்க் கேள்விக்கு வர்றேன். "ஆளுக்கு எங்க போறது டாக்டர்?" நியாயமான கேள்வி. நான் பேசின ஒரு சிறப்புப் பயிற்றுநர், பழைய ஸ்கூட்டில மணலிக்கும் காலடிப்பேட்டைக்கும் ஓடறவங்க. பெட்ரோல் காசு கைக்காசு. தொகுப்பூதியம். "என் லிஸ்ட்ல இருக்கற எல்லாப் பசங்களையும் ஒரு சுத்து பார்த்து முடிக்கறதுக்குள்ள முதல் பையன் கத்துக்கிட்டது மறந்துடறான் சார்"ன்னு சொன்னாங்க. வேலை செய்யாததால வர்ற பிரச்சினை இல்ல இது, ஆளே பத்தாததால வர்றது.

இதையும் உச்ச நீதிமன்றம் பார்த்துடுச்சு. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல 2021 அக்டோபர்ல, சிறப்புப் பயிற்றுநருக்கு மாணவர் விகிதம் நிர்ணயிங்கன்னு சொன்னாங்க. 2022 செப்டம்பர்ல மத்திய அரசு அறிவிச்சுது. தொடக்க வகுப்புல 10 பேருக்கு ஒருத்தர், நடுநிலையில 15 பேருக்கு ஒருத்தர். 2025 மார்ச்ல திரும்பவும் மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடத்தை உருவாக்கி நிரப்புங்கன்னு உத்தரவு. நடுவுல ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல தமிழ்நாட்டுக்கு 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தராம நிறுத்தி வச்சு, வழக்கு டெல்லி வரைக்கும் போயிருக்கு. இந்தப் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் போறது அந்தத் திட்டத்துலேர்ந்துதான். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கற கொள்கைச் சண்டையில என் கருத்து எதுவா வேணா இருக்கட்டும். அந்தச் சண்டையில பஞ்சர் ஆகறது அந்த ஸ்கூட்டி.

"எல்லாப் பசங்களும்தான் இழந்தாங்க, இவங்களுக்கு மட்டும் ஏன்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில். மத்தவங்களுக்குக் குடுத்தாச்சு, அதனால.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

2021 நவம்பர். ரெண்டாவது அலை டூட்டி பார்த்து மனசு செத்துப்போயிருந்த சமயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பொண்ணோட அம்மா கேட்டாங்க, "ஸ்கூல் திறந்துட்டாங்க, அனுப்பலாமா?" அந்தப் பொண்ணுக்கு இதயத்துல ஒரு ஓட்டை அடைச்சிருக்கு, அடிக்கடி சளி பிடிக்கும். நான் பயந்தேன். "இப்போதைக்கு வேணாம்மா, வீட்லயே இருக்கட்டும்"னேன். அவங்க கேட்டுக்கிட்டாங்க.

2024ல அதே அம்மாவைப் பார்த்தேன். "ஸ்கூல் எப்படிப் போகுது?"ன்னேன். "நீங்கதானே வேணாம்னீங்க" அப்படின்னாங்க. கோபமா இல்ல, சாதாரணமா.

இப்போதைக்குன்னு சொன்னவன் எப்போ வரைக்கும்னு சொல்லல. மருந்துச் சீட்டுல அஞ்சு நாள், ஏழு நாள்னு எழுதற கை, பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்றப்ப தேதி போடல. ரெண்டரை வருஷம். இப்ப அந்தப் பொண்ணுக்கு 14. பிரிவு 31 அவளுக்குக் கூட இருக்கப் போறது இன்னும் நாலு வருஷம்.

இந்த வயசு விஷயம்தான் அவசரமே. 2020 மார்ச்ல 13 வயசு இருந்தவங்களுக்கு இப்ப 18 தாண்டிடுச்சு. அவங்களுக்கு ஈடு எதுவும் கிடைக்காமலே கதவு மூடியாச்சு. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இன்னும் கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்காங்க. என்னைக் கேட்டா, பெருந்தொற்றுல சேவை கிடைக்காமப் போன குழந்தைகளுக்கு மட்டுமாவது அந்த 18ஐ 20, 21ன்னு தள்ளி ஒரு அரசாணை போடலாம். கல்வி உரிமைச் சட்டமே 14 தாண்டியும் முடிக்கலாம்னு சொல்றப்ப இது ஒண்ணும் புதுசு இல்ல.

அதோட கோடை விடுமுறை. ஏப்ரல் கடைசியில பள்ளி மூடினா ஜூன் வரைக்கும் வட்டார வள மையங்கள்ல இடம் இருக்கும். அங்க பயிற்றுநருக்குக் கூடுதல் ஊதியம் குடுத்து, வண்டி வச்சு, யார் எவ்வளவு இழந்தாங்களோ அந்த அளவுக்கு வகுப்பு. வண்டி இல்லாம எந்தத் திட்டம் போட்டாலும் வீண். பதினோரு வயசுப் பையன் 26 கிலோ இருக்கான். அவனைத் தூக்கற அம்மாவுக்கு 41 கிலோ.

பெத்தவங்க என்ன செய்யலாம்? என் அனுபவத்துல வேலைக்கு ஆனதைச் சொல்றேன்.

முதல் மனுவுல நாங்க செஞ்ச தப்பு, "பாடம் போச்சு, ஈடு பண்ணுங்க"ன்னு பொதுவா எழுதினது. ரெண்டாவது மனுவுல அப்ப என்ன செஞ்சான், இப்ப என்ன முடியல, நடுவுல என்ன நின்னுச்சுன்னு மூணையும் தேதியோட எழுதினோம். 13.3.2020 பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சோம். 2019 ஸ்பிளின்ட்டை இப்ப அவன் கால் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்தோம், உள்ளங்கை அளவு வித்தியாசம். கூட என் கடிதம். "மூளை முடக்குவாதம் தானாக முற்றும் நோய் அன்று. பரிசோதனையில் புதிய நரம்பியல் பாதிப்பு எதுவும் இல்லை. திறன் இழப்புக்குப் பயிற்சி தடைபட்டதே காரணமாகத் தெரிகிறது. வாரம் இத்தனை மணி நேரம் சிறப்புப் பயிற்சியும் பிசியோவும் மீண்டும் தொடங்கினால் முன்னேற வாய்ப்புள்ளது."

சக டாக்டர்களே, உங்களுக்கும் இது. ஊனச் சான்றிதழ்ல 60 சதவீதம், 75 சதவீதம்னு எண் போட்டு அனுப்பறோம். அந்த எண் பஸ் பாஸுக்கு ஆகும், பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆகும். பள்ளியில அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. குழந்தை என்ன செய்யும், என்ன உதவி வேணும்னு தனியா நாலு வரி எழுதிக் குடுங்க. எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு.

மனுவைத் தலைமை ஆசிரியருக்குக் குடுத்து, நகல்ல கையெழுத்தும் தேதியும் வாங்கினாங்க. இன்னொரு நகல் வட்டார வள மையத்துக்கு. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல அம்மாவே எழுந்து பேசினாங்க, தீர்மானமா எழுத வச்சாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு நகல் பதிவுத் தபால்ல. 2016 சட்டப்படி, இந்த உரிமைகள் மறுக்கப்பட்டா விசாரிக்கற அதிகாரம் அவருக்கு உண்டு. அதுக்கு வக்கீல் வேணாம், வெள்ளைத் தாள் போதும். பயிற்றுநர் எத்தனை தடவை வந்தாங்கங்கற பதிவை தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்னும் யோசிச்சோம். அம்மா வேணாம்னுட்டாங்க. "மிஸ்ஸுக்குப் பிரச்சினை ஆயிடும் டாக்டர், அவங்க நல்லவங்க." அவங்க சொன்னதுதான் சரின்னு தோணுச்சு.

ஏழாவது வாரம் கூப்பிட்டாங்க. சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் சிறப்புப் பயிற்சி, மாசத்துல ரெண்டு தடவை பிசியோ, புது ஸ்பிளின்ட்டுக்கு அளவு. வண்டிக்கு மட்டும் "பார்க்கலாம்". ஒரு பையனுக்குக் கிடைச்சிருக்கு, அதுவும் பாதி. இதே பகுதியில எனக்குத் தெரிஞ்சே இன்னும் பத்துப் பன்னெண்டு பசங்க இருக்காங்க. அவங்க அம்மாக்கள்ல பாதிப் பேர் வீட்டு வேலைக்கும் மீன் கம்பெனிக்கும் போறவங்க, ஏழு வாரம் மனுவோட அலைய முடியாது. அதனாலதான் ஒவ்வொருத்தரும் கேட்டு வாங்கற விஷயமா இதை விடக் கூடாது, தடுப்பூசி மாதிரி அவங்க வீடு தேடி வரணும்னு சொல்றேன்.

போன சனிக்கிழமை டூட்டி முடிச்சுட்டு அந்த மையத்துக்கு எட்டிப் பார்த்தேன். பையன் மூலை நாற்காலில உட்கார்ந்திருந்தான், பெல்ட் போட்டு. துணி சுத்தின பென்சில், மேல மிஸ்ஸோட கை. அ வரல இன்னும். ஒரு வளைவு வந்திருக்கு. அம்மா வெளியில படிக்கட்டுல உட்கார்ந்து தூங்கிக்கிட்டிருந்தாங்க, எழுப்பல.

இதைப் படிக்கற பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020க்கு முந்தின நோட்டு, பிராக்ரஸ் கார்டு, சின்னதாப்போன ஸ்பிளின்ட், குழந்தை நடந்த, பேசின பழைய செல்போன் வீடியோ எதையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க. மனுவுக்கு அதுதான் சாட்சி. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், எண்ணூர் பக்கம் இருக்கறவங்க, கடிதம் எப்படி எழுதறதுன்னு தெரியணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க. பசங்க பேரையோ போட்டோவையோ இங்க கமென்ட்ல போடாதீங்க.